ஜெல்லிஃபினில் தமிழ்ப் படங்களின் விவரங்களைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கணினியிலோ நாஸ் பெட்டியிலோ (வீட்டு நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) படங்களை அடுக்கி, ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டு டிவியில் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ரஜினியின் 'பில்லா'வைத் தேடிப் போனால் அஜித் போஸ்டர் நிற்கும். 1986-இல் வந்த 'விக்ரம்' இருக்க வேண்டிய இடத்தில் 2022 'விக்ரம்' கதைச்சுருக்கம் உட்கார்ந்திருக்கும். இன்னொரு படத்துக்குப் போஸ்டரே இருக்காது. ஃபைல் பெயர் மட்டும், '1080பி', 'எக்ஸ்264' என்ற வால்களோடு தொங்கும். படம் ஓடுவதில் குறை ஒன்றும் இல்லைதான். ஆனால் நூறு, இருநூறு படம் சேர்ந்த பிறகு வேண்டியதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

ஹாலிவுட் படங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழ்ப் படங்களுக்கு ஏன் இவ்வளவு என்றால், ஒரே தலைப்பை மறுபடி மறுபடி வைக்கிறோம், ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், தகவல் தளங்களில் நம் படங்களைப் பற்றி நிரப்பியிருப்பதும் கொஞ்சம்தான். ஆகவே பொதுவான வழிகாட்டிகள் பாதி தூரம்தான் வரும். மீதியை இங்கே பார்ப்போம்.

ஜெல்லிஃபினை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள். எம்பி என்ற மென்பொருளிலிருந்து 2018 டிசம்பரில் பிரிந்து வந்தது. பிளெக்ஸ், கோடி என்ற இதே வகை மென்பொருள்களை வைத்திருப்பவர்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான். மாறும் இடங்களைக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு வசதிக்காக இங்கே ஃபைல் பெயர்களையும் மெனு பெயர்களையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

சர்வர் எப்படி யோசிக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜெல்லிஃபின் உங்கள் படத்தைத் திறந்து பார்த்து "இது கமல், இது மணிரத்னம்" என்று கண்டுபிடிப்பதில்லை. ஃபோல்டர் பெயரையும் ஃபைல் பெயரையும் படிக்கிறது. அதிலிருந்து தலைப்பு ஒன்று, ஆண்டு ஒன்று பிரித்தெடுக்கிறது. அதை டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் தேடுகிறது. முதலில் பொருந்தி வருவதை எடுத்து, அந்தப் படத்துக்கான எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு தலைப்பு, கதை, நடிகர்கள், போஸ்டர் எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஆக, எண் தப்பானால் எல்லாமே தப்பு. எண்ணைத் திருத்தாமல் போஸ்டரை மட்டும் மாற்றுவது வீண்வேலை. அடுத்த புதுப்பிப்பில் பழைய கதை திரும்பி வரும். இன்னொன்று, நீங்கள் கையால் செய்யும் திருத்தம் எங்கே சேமிக்கப்படுகிறது என்பது. எந்த ஏற்பாடும் செய்யாவிட்டால் அது சர்வரின் தரவுத்தளத்துக்குள் மட்டும் இருக்கும். சர்வரை அழித்து மறுபடி போட்டால் எல்லாம் போச்சு. இதையும் கீழே சரிசெய்வோம்.

முதல் படி: பெயரைச் சரியாக வையுங்கள்

ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர். எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்தாலும் ஜெல்லிஃபின் படித்துக்கொள்ளும்தான், ஆனால் போஸ்டர், சப்டைட்டில் எல்லாம் பிறகு கலந்துகட்டிக் கிடக்கும். ஃபோல்டரின் பெயர் இப்படி இருக்கட்டும்:

நாயகன் (1987)

உள்ளே இருக்கும் ஃபைலுக்கும் அதே பெயர்:

நாயகன் (1987).எம்கேவி

ஆண்டை அடைப்புக்குறிக்குள் போடுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'பில்லா' 1980, 2007 என்று இரண்டு. 'பொல்லாதவன்' என்றாலும் அதே 1980, 2007. 'மனிதன்' 1987-இலும் 2016-இலும் வந்தது. இவற்றை ஆண்டில்லாமல் வைத்தால் சர்வர் எதை எடுக்கும் என்பது அதிர்ஷ்டம்தான், பெரும்பாலும் புதியதைத்தான் எடுக்கும்.

ஆண்டு எது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 'காக்கா முட்டை' 2014 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2015 ஜூனில்தான் தியேட்டருக்கு வந்தது. 'விசாரணை' 2015-இல் வெனிஸ் விழாவுக்குப் போய், 2016 பிப்ரவரியில் இங்கே வெளியானது. இப்படிப்பட்ட படங்களுக்கு நமக்கு நினைவிருக்கும் ஆண்டும் தளத்தில் இருக்கும் ஆண்டும் ஒன்று தள்ளிப் போகலாம். பொருந்தாவிட்டால் தளத்தில் தேடி, அங்கே இருக்கும் ஆண்டையே ஃபோல்டரில் எழுதிவிடுங்கள்.

எழுத்துக்கூட்டல்தான் அடுத்த தலைவலி. நாயகன் என்பதை 'கே' போட்டும் எழுதுகிறார்கள், 'ஜி' போட்டும் எழுதுகிறார்கள். ழகரத்துக்கு 'இசட் ஹெச்' ஒருவர், 'எல்' ஒருவர். நெடிலுக்கு இரண்டு 'ஏ' போடுவதா ஒன்று போதுமா என்பதற்கு முடிவே கிடையாது. தளத்தில் பல படங்களுக்கு மாற்றுப் பெயர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதால் ஓரளவு கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காதவற்றுக்கு ஒரே உறுதியான வழி, எண்ணையே பெயரில் எழுதிவிடுவது.

1. உலாவியில் டிஎம்டிபி தளத்தைத் திறந்து படத்தைத் தேடுங்கள். தமிழ் எழுத்திலேயே தேடிப் பார்க்கலாம்.
2. படத்தின் பக்கத்துக்குப் போனதும் மேலே முகவரிப் பட்டியில் 'மூவி' என்ற சொல்லுக்குப் பின் ஒரு எண் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.
3. ஃபோல்டர் பெயரின் கடைசியில் சதுர அடைப்புக்குள் 'டிஎம்டிபிஐடி', ஒரு சிறு கோடு, பிறகு அந்த எண் என்று இடைவெளி விடாமல் எழுதுங்கள். 'டிஎம்டிபிஐடி' என்பது ஆங்கிலத்தில் ஆறு சிறிய எழுத்துகள்.

ஐஎம்டிபி என்ற இன்னொரு திரைப்படத் தகவல் தளத்தின் எண்ணும் செல்லும். அதற்கு 'ஐஎம்டிபிஐடி' என்று எழுத வேண்டும், எண் இரண்டு 'டி' எழுத்தில் தொடங்கும். எண் இருந்தால் தலைப்பை எப்படி எழுதியிருந்தாலும் சர்வர் கவலைப்படாது. புதிதாகப் படம் சேர்க்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்ல பழக்கம். அரை நிமிட வேலை.

ஃபோல்டர் பெயரையே தமிழில் வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். வைக்கலாம், ஓடும். ஆனால் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 வட்டில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று. 'நாயகன்' என்ற சின்னப் பெயரே ந, கால், ய, க, ன, புள்ளி என ஆறு குறி, 18 பைட் ஆகிவிடுகிறது. வெறும் தலைப்புக்கு இது தாங்கும். நடிகர், இயக்குநர், தரம் எல்லாவற்றையும் தமிழில் பெயரிலேயே எழுதுகிறவர்கள் 85 குறிக்குள் முடிக்க வேண்டியிருக்கும். பழைய டிவி, பழைய மீடியா பிளேயர் பெட்டிகளில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிவதும் உண்டு. என் யோசனை: ஃபோல்டர் ஆங்கில எழுத்தில், திரையில் தெரியும் தலைப்பு தமிழில். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாம் படி: நூலக அமைப்பு

டாஷ்போர்டுக்குப் போய் 'லைப்ரரீஸ்' திறந்து, உங்கள் படங்கள் இருக்கும் நூலகத்தில் மூன்று புள்ளியைத் தட்டி 'மேனேஜ் லைப்ரரி' எடுங்கள். இங்கே கவனிக்க வேண்டியவை நான்கு.

மொழி: 'பிரிஃபர்டு டவுன்லோட் லாங்குவேஜ்' என்பதில் தமிழைத் தேர்ந்தால் தலைப்புகள் தமிழ் எழுத்தில் வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கதைச்சுருக்கம் பல படங்களுக்கு வெறுமையாகவே நிற்கும், தமிழில் யாராவது எழுதிச் சேர்த்திருந்தால்தானே வரும்! இதற்காகவே தமிழ்ப் படங்களைத் தனி நூலகமாகவும் மற்ற மொழிப் படங்களைத் தனி நூலகமாகவும் பிரித்து வைக்கச் சொல்வேன். தமிழ் நூலகத்துக்குத் தமிழ், மற்றதற்கு ஆங்கிலம்.

நாடு: இந்தியா என்று வையுங்கள். தணிக்கைச் சான்று தளத்தில் ஏற்றப்பட்டிருந்தால் யு, ஏ என்பது போல நம் முறையில் வரும். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு போட்டு, வயதுக் கட்டுப்பாடு வைப்பவர்களுக்கு இது தேவைப்படும்.

சேமிப்பு: 'மெட்டாடேட்டா சேவர்ஸ்' என்பதில் 'என்எஃப்ஓ'வை (படத்தின் விவரங்களை எழுதி வைக்கும் சிறு ஃபைல்) டிக் செய்யுங்கள். அப்படியே 'சேவ் ஆர்ட்வொர்க் இன்டு மீடியா ஃபோல்டர்ஸ்' என்பதையும். இனி விவரங்களும் போஸ்டர்களும் படத்தின் ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கப்படும். நாளைக்கு சர்வர் செத்தாலும், வட்டை வேறு கணினியில் மாட்டினாலும், திருத்தங்கள் படத்தோடு கூடவே போகும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

அனுமதி: மேலே சொன்னது நடக்க, படங்கள் இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை சர்வருக்கு இருக்க வேண்டும். லினக்ஸில் நேரடியாக நிறுவியிருந்தால் ஜெல்லிஃபின் தன் பெயரிலேயே ஒரு தனிப் பயனராக ஓடும். அந்தப் பயனருக்கு உரிமை கொடுக்க வேண்டும். டாக்கரில் (மென்பொருளைக் 'கண்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் பாதுகாப்புக்காக மீடியா ஃபோல்டரைப் 'படிக்க மட்டும்' என்று இணைத்திருப்பார்கள். அதை எடுக்காதவரை என்எஃப்ஓ ஒன்றுகூட உருவாகாது. தப்பு எங்கே என்று திரையில் தெளிவாகச் சொல்லவும் சொல்லாது, சர்வரின் லாக் என்ற பதிவு ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

எதுவுமே வரவில்லை என்றால்

பெயர் சரி, அமைப்பு சரி, ஆனாலும் எந்தப் படத்துக்கும் ஒரு விவரமும் வரவில்லையா? இந்தியாவில் சில இணைய இணைப்புகளில் டிஎம்டிபியின் முகவரியே திறப்பதில்லை. சோதிப்பது எளிது. அதே வைஃபையில் உலாவியில் டிஎம்டிபி தளத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் மொபைலில் வேறு நிறுவனத்தின் டேட்டாவில் திறந்து பாருங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வரவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) இருக்க வாய்ப்பு அதிகம்.

சர்வர் ஓடும் கணினியின் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றுங்கள். பல நேரம் இதிலேயே தீர்ந்துவிடும். ரவுட்டரில் மாற்றினால் வீடு முழுவதற்கும் ஆகும், ஆனால் சில நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டரில் அந்த இடம் பூட்டப்பட்டிருக்கும். டாக்கர்காரர்களுக்கு ஒரு குறிப்பு: கணினியில் மாற்றியும் பலன் இல்லையென்றால் கம்போஸ் ஃபைலில் அந்தக் கண்டெய்னருக்கென்று டிஎன்எஸ் வரி ஒன்றைத் தனியாகச் சேருங்கள். உலாவியில் தளம் திறக்கும், சர்வருக்குள் மட்டும் வராது என்றால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாம் படி: தப்பான படத்தைத் திருத்துவது

ரஜினி 'பில்லா'வுக்கு அஜித் 'பில்லா' வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, படத்தின் பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'ஐடென்டிஃபை' எடுங்கள். (சாதாரணக் கணக்கில் இந்த மெனு தெரியாது.) பெயர், ஆண்டு, எண்கள் என்று சில பெட்டிகள் வரும். பெயரையும் 1980 என்ற ஆண்டையும் கொடுத்துத் தேடினால் போஸ்டர்களோடு பட்டியல் வரும். இன்னும் குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு டிஎம்டிபி எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். ஒரே ஒரு விடைதான் வரும்.

சரியானதைத் தட்டியதும், இருக்கும் போஸ்டர்களையும் மாற்றவா என்று ஒரு டிக் பெட்டி கேட்கும். டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கதை ரஜினி படத்துடையதாக மாறியிருக்கும், போஸ்டரில் அஜித் அப்படியே நிற்பார்.

இவ்வளவு செய்தும் மறுநாள் பழைய விவரமே திரும்பி வருகிறதா? அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பழைய என்எஃப்ஓ ஃபைல் ஒன்று, முன்பு கோடியோ வேறு மென்பொருளோ போட்டது, உள்ளே கிடக்கும். தளத்தில் வருவதைவிட ஃபோல்டரில் இருக்கும் என்எஃப்ஓவுக்குத்தான் ஜெல்லிஃபின் முதல் மரியாதை கொடுக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி ஐடென்டிஃபை செய்யுங்கள். ஃபோல்டர் பெயரில் தப்பான ஆண்டு இருந்தாலும் இப்போதே திருத்திவிடுங்கள்.

டப்பிங் படங்களுக்கு ஒரு சிறு வேலை கூடுதல். 'உயிரே' என்று தமிழில் வந்தது 1998-இன் இந்திப் படமான 'தில் சே'. தளத்தில் அது இந்திப் படமாகத்தான் இருக்கும். மூலப் படத்தின் எண்ணைக் கொடுத்து இணைத்துவிட்டு, தலைப்பை மட்டும் கையால் 'உயிரே' என்று மாற்றிப் பூட்டிவிட வேண்டும். 2012-இல் 'நான் ஈ' மாதிரி தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுக்கப்பட்ட படங்களுக்கும் இதே வழி.

நான்காம் படி: விவரங்களைக் கையால் எழுதுவது

அதே மூன்று புள்ளி மெனுவில் 'எடிட் மெட்டாடேட்டா'. நீளமான படிவம் ஒன்று வரும். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுபவை மட்டும் சொல்கிறேன்.

தலைப்பும் 'சார்ட் டைட்டில்'லும்: தலைப்பைத் தமிழில் வைத்தால் ஒரு சின்ன இடைஞ்சல் வரும். பட்டியலின் ஓரத்தில் எழுத்தைத் தட்டித் தாவுவதற்கு இருக்கும் பட்டியில் ஆங்கில எழுத்துகள்தான் உண்டு, அகரமும் ககரமும் கிடையாது. ஆகவே தலைப்பில் தமிழ், 'சார்ட் டைட்டில்' பெட்டியில் ஆங்கில எழுத்து என்று எழுதுங்கள். திரையில் தமிழ் தெரியும், வரிசையும் தாவலும் ஆங்கில எழுத்தை வைத்து நடக்கும். தொடர் படங்களுக்கு இதே பெட்டியில் 1, 2 என்று சேர்த்து எழுதினால் வரிசையாக நிற்கும்.

கதைச்சுருக்கம்: தமிழில் வெறுமையாக வந்தவற்றுக்கு நீங்களே இரண்டு வரி எழுதலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. முதலில் தமிழ்த் தலைப்பு வந்திருப்பதை உறுதி செய்து, அந்தத் தலைப்பை மட்டும் பூட்டுங்கள் (பூட்டும் முறை கீழே). பிறகு அதே படிவத்தின் அடியில் அந்தப் படத்துக்கு மட்டுமான மொழியை ஆங்கிலம் என்று மாற்றிச் சேமித்து, விடுபட்டவற்றை மட்டும் தேடச் சொல்லுங்கள். தலைப்பு தமிழாகவே இருக்கும், கதை ஆங்கிலத்தில் வந்து நிரம்பும்.

இசையமைப்பாளர்: நம் வீடுகளில் படத்தை நடிகரை வைத்துத் தேடுவதற்கு இணையாக இசையை வைத்தும் தேடுவோம். "ராஜா படம் ஏதாவது போடு" என்று சொல்லாத வீடு உண்டா? ஆனால் தளத்திலிருந்து ஜெல்லிஃபின் தானாக இழுத்து வருவது பெரும்பாலும் நடிகர், இயக்குநர், எழுத்தாளர், தயாரிப்பாளர் என்ற அளவோடு நின்றுவிடும். இசையமைப்பாளரை நாம்தான் சேர்க்க வேண்டும். படிவத்தில் 'பீப்பிள்' பகுதியில் கூட்டல் குறியைத் தட்டி, பெயர் இளையராஜா, வகை 'கம்போஸர்' என்று கொடுத்துச் சேமியுங்கள். பத்துப் படத்துக்கு இப்படிச் செய்துவிட்டு இளையராஜா பெயரைத் தட்டிப் பாருங்கள், அந்தப் பத்தும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். 'நாயகன்' அவருக்கு 400-வது படம் என்பார்கள். அந்த வரிசையில் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜெல்லிஃபின் ஆட்களைப் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஒரு படத்தில் 'எம்.ஜி.ஆர்.' என்றும் இன்னொன்றில் 'எம். ஜி. ராமச்சந்திரன்' என்றும் எழுதினால் அது அவரை இரண்டு ஆளாக எண்ணும். ஒரு புள்ளியோ இடைவெளியோ மாறினாலும் அதே கதிதான். மறுபக்கம், ஒரே பெயரில் நடிகர் ஒருவரும் பாடகர் ஒருவரும் இருந்தால் இருவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். தொடங்கும்போதே ஒரு காகிதத்திலோ குறிப்பு ஃபைலிலோ யாரை எப்படி எழுதுவது என்று முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து நடிகர் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன என்றால் இளையராஜாவையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்றால் தேடல் கெட்டுவிடும்.

டேக்: 'பாட்டிக்கு', 'கறுப்பு வெள்ளை', 'பொங்கல்' என்று உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி எதை வேண்டுமானாலும் போடலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

பூட்டுவதும் புதுப்பிப்பதும்

படிவத்தின் அடியில் 'லாக் திஸ் ஐட்டம்' என்று ஒரு டிக் பெட்டி. அதை டிக் செய்தால் அந்தப் படத்தின் விவரங்களை இனி எந்தப் புதுப்பிப்பும் தொடாது. முழுவதையும் பூட்ட விருப்பமில்லையென்றால் கீழே தலைப்பு, கதை, வகை, ஆட்கள் என்று தனித்தனிப் பெட்டிகள் இருக்கும். எதை எடுத்துவிடுகிறீர்களோ அது பூட்டப்படும். கையால் திருத்திய எதையும் பூட்டாமல் விடாதீர்கள்.

'ரீஃபிரெஷ் மெட்டாடேட்டா' தட்டினால் மூன்று வழி காட்டும். முதலாவது, புதிதாக வந்த, மாறிய ஃபைல்களை மட்டும் பார்க்கும். இரண்டாவது, காலியாக இருக்கும் இடங்களை நிரப்பும். ஏற்கெனவே இருப்பதைத் தொடாது. மூன்றாவது 'ரீப்ளேஸ் ஆல் மெட்டாடேட்டா', இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு தளத்தில் இருப்பதைக் கொண்டுவந்து போடும். தினப்படிக்கு இரண்டாவதே போதும். மூன்றாவதை ஒரு படத்துக்குச் செய்வதில் தவறில்லை. முழு நூலகத்துக்கும் அதைச் செய்யும் முன் பூட்டுகளையும் என்எஃப்ஓக்களையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பூட்டாத எழுத்து ஒன்றும் மிஞ்சாது.

போஸ்டர்கள்

'எடிட் இமேஜஸ்' திறந்து தேடல் குறியைத் தட்டினால் தளத்தில் இருக்கும் போஸ்டர்கள் வரும். தொடக்கத்தில் உங்கள் மொழிக்கானவை மட்டும் காட்டும். ஒன்றும் இல்லையென்றால் எல்லா மொழிகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். மொழி குறிக்காமல் ஏற்றிய தமிழ்ப் போஸ்டர்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஐம்பது, அறுபதுகளின் படங்களுக்கு நல்ல போஸ்டர் கிடைப்பது அரிது. கிடைப்பதும் டிவிடி அட்டையாகவோ மங்கலான செய்தித்தாள் விளம்பரமாகவோ இருக்கும். உங்களிடமே பாட்டுப் புத்தகமோ டிவிடி உறையோ இருந்தால் ஸ்கேன் செய்து, அகலம் உயரம் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் வெட்டி, 'போஸ்டர்' என்ற பெயரில் ஜேபிஜியாகப் படத்தின் ஃபோல்டரில் வையுங்கள். பின்னணிப் படத்துக்கு 'பேக்டிராப்', எழுத்து முத்திரைக்கு 'லோகோ'. சர்வர் அடுத்த முறை நூலகத்தை ஸ்கேன் செய்யும்போது தானே எடுத்துக்கொள்ளும்.

சில்லறைச் சிக்கல்கள்

இரண்டு சிடியாக வைத்திருக்கும் பழைய படங்களின் ஃபைல் பெயர் முடிவில் சிறு கோடும் 'சிடி1', 'சிடி2' என்றும் சேர்த்தால் ஒரே படமாகச் சேர்ந்து அடுத்தடுத்து ஓடும். ஒரே படம் இரண்டு தரத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, இரண்டின் பெயரும் ஃபோல்டர் பெயரிலேயே தொடங்கி, பிறகு இடைவெளி, சிறு கோடு, இடைவெளி, '1080பி' என்று முடிய வேண்டும். தொடக்கம் ஓர் எழுத்து மாறினாலும் இரண்டு படமாகக் காட்டும்.

பாட்டு வீடியோ, காமெடித் துண்டு, ட்ரெய்லர் இவற்றைப் படத்தோடு வைத்திருப்பவர்கள் அந்த ஃபோல்டருக்குள் 'எக்ஸ்ட்ராஸ்' அல்லது 'ட்ரெய்லர்ஸ்' என்று ஓர் உள் ஃபோல்டர் போட்டு அதில் தள்ளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாட்டும் தனிப் படமாகப் பட்டியலில் வந்து நிற்கும்.

பெயரெல்லாம் சரியாக இருந்தும் திரையில் விசித்திரமான தலைப்பு வருகிறதென்றால், எம்கேவி ஃபைலுக்கு உள்ளேயே யாரோ எழுதி வைத்த தலைப்பாக இருக்கலாம். நூலக அமைப்பில் 'எம்பெடட் டைட்டில்' பற்றிய டிக்கை எடுத்துவிட்டால் போதும். அடியோடு மாற்ற வேண்டுமானால் எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஹெடர் எடிட்டரைத் திறந்து தலைப்பை அழிக்கலாம். அப்படியே ஒலித்தடத்தின் மொழியையும் பாருங்கள். தமிழ், இந்தி என இரண்டு ஒலி இருக்கும் ஃபைல்களில் மொழியே குறிக்காமல் விட்டிருப்பார்கள். அதைத் தமிழ் என்று குறித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ரிமோட்டை எடுத்து ஒலியை மாற்றும் வேலை மிச்சம். இதில் படத்தை மறுபடி கன்வர்ட் செய்யும் வேலை இல்லை, சில நொடியில் முடிந்துவிடும்.

ஐந்நூறு படத்துக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்ய முடியாதே என்றால் டைனி மீடியா மேனேஜர் என்ற மென்பொருளைப் பாருங்கள். படங்களைப் பட்டியலிட்டு, மொத்தமாகப் பெயர் மாற்றி, என்எஃப்ஓவும் போஸ்டரும் போட்டுக் கொடுக்கும். முதலில் ஐந்து படத்தை ஒரு தனி ஃபோல்டரில் நகலெடுத்து அதில் சோதியுங்கள். பெயர் மாற்றும் வடிவம் பிடித்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். என்எஃப்ஓவை நோட்பேடில் திறந்து கையாலும் திருத்தலாம், அது வெறும் எக்ஸ்எம்எல் உரைதான். தமிழ் எழுத்து இருப்பதால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்க மறக்காதீர்கள்.

பிளெக்ஸ், கோடி வைத்திருந்தால்

பிளெக்ஸில் ஐடென்டிஃபைக்குப் பதில் 'ஃபிக்ஸ் மேட்ச்'. ஃபோல்டர் பெயரில் எண் எழுத சதுர அடைப்புக்குப் பதில் நெளி அடைப்பு, உள்ளே 'டிஎம்டிபி', சிறு கோடு, எண். பென்சில் குறியைத் தட்டி எதைத் திருத்தினாலும் அந்த இடம் தானே பூட்டிக்கொள்ளும், இது ஒரு வசதி. கோடியில் படத்தின் 'இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'ரீஃபிரெஷ்' கொடுத்து வேறு படத்தைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாவற்றையும் என்எஃப்ஓவாக வெளியே எடுக்க, மீடியா அமைப்புகளில் 'எக்ஸ்போர்ட் லைப்ரரி' எடுத்து, தனித்தனி ஃபைல்களாக என்று சொல்லுங்கள். கோடியிலிருந்து ஜெல்லிஃபினுக்கு மாறுகிறவர்கள் இதைச் செய்துவிட்டு மாறினால் பழைய திருத்தங்கள் பெரும்பாலும் கூடவே வரும்.

தளத்திலேயே இல்லாத படம்

டிஎம்டிபி பயனர்கள் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த தளம். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் நீங்களும் சேர்க்கலாம், திருத்தலாம். படமே இல்லையென்றால் புதிதாகச் சேர்க்கும்போது மூல மொழி தமிழ் என்றும், மூலத் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் கொடுங்கள். இருக்கும் படத்துக்குத் தமிழ்க் கதைச்சுருக்கம் சேர்ப்பதானால் மொழிபெயர்ப்புப் பகுதியில் தமிழைத் தேர்ந்து எழுத வேண்டும். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள், சொந்தமாக நான்கு வரி போதும். போஸ்டர் குறைந்தது 500-க்கு 750 பிக்சல் இருக்க வேண்டும், 2000-க்கு 3000 வரை ஏற்கும். ஏற்றியதும் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சர்வரே அதைத் தமிழ்ப் போஸ்டராக எண்ணாது.

சேர்த்த உடனே வீட்டில் ரீஃபிரெஷ் தட்டினால் வராமல் போகலாம், இடையில் பழைய விடை தேங்கியிருக்கும். சில மணி நேரம் விட்டு, அந்தப் படத்துக்கு மட்டும் விடுபட்டவற்றைத் தேடச் சொல்லுங்கள்.